ஆலமரமாய் நின்ற ஆசிரியர்: கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

கல்வி கற்பிக்கும் இடத்திற்குத் தமிழில் பள்ளி என்னும் பெயர் அமைந்தது, சமண முனிவர் உறைந்த பள்ளிகளால் என்பதை நம் குடும்பங்களில் சிறுவரும் அறிவர். முனிவர் தங்கிய குகையும் அதன் முன்றிலும் ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிந்த இடங்களாயின. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை நம் முன்னோர் உயர்வாகப் போற்றியதற்குச் சான்றுகள் மலைதோறும் உள்ளன. தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அச்சணந்தி முனிவரின் பெயர் தாங்கிய வட்டெழுத்தும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து இன்றும் நிற்கின்றன.

அம்மலைத்தொடரின் அடிவாரத்தில், சற்று வடக்கே, போடிநாயக்கனூர் உள்ளது. அங்கிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்து ஏலமலை. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து மலையேறி, காய் பறித்து, இருட்டும் வேளையில் இறங்கும் தொழிலாளரின் உழைப்பில்தான் நம் வீட்டுப் பொங்கலுக்கும் பாயசத்திற்கும் ஏலக்காய் மணம் கிடைக்கிறது. தாயும் தந்தையும் மலைமேல் இருக்க, பிள்ளை பள்ளிக்குச் சென்றானா, இடையில் நின்றுவிட்டானா என்று பார்ப்பவர் யார்? இத்தகைய சரிவுகளில் பள்ளிக் கட்டடம் ஒன்று இருப்பது மட்டும் போதாது. பிள்ளையைத் தேடிச் செல்லும் ஆசிரியர் வேண்டும். இல்லாததை உண்டாக்கும் துணிவு, சிதறிக் கிடக்கும் உதவிகளை ஒன்று திரட்டும் திறன், நட்டம் வந்தாலும் தளராத உறுதி ஆகியவற்றை வணிக உலகம் தொழில்முனைவு என்று பாராட்டுகிறது. அப்பண்புகள் ஓர் ஆசிரியரிடம் அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கு, நம் சமயத்தில் பிறந்த ஒரு பெருமகனின் வாழ்க்கையே விடை.

கும்போஜில் பிறப்பு

மராட்டிய நாட்டில் கோலாப்பூரை அடுத்த கும்போஜ், பாகுபலி மலையால் திகம்பர சமணர் அனைவரும் அறிந்த தலம். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் உழவுத்தொழில் மரபினதான ஒரு சமணக் குடும்பத்தில் பாவுராவ் பாட்டீல் பிறந்தார். தந்தையார் வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். உடல்வலியும் முன்கோபமும் அநீதி கண்டால் பொறாத நெஞ்சமும் இளமையிலேயே பாவுராவிடம் காணப்பட்டன. தாழ்த்தப்பட்டோர் கிணற்றில் நீர் எடுக்கத் தடுக்கப்பட்டதைக் கண்டு, சிறுவனாயிருந்தபோதே அக்கிணற்றின் இறைகருவியை உடைத்தெறிந்தார் என்று அப்பகுதி மக்கள் இன்றும் சொல்வர்.

உயர்நிலைக் கல்விக்காகக் கோலாப்பூர் சென்ற அவர், அங்குச் சமண மாணவர் விடுதியில் சேர்ந்தார். விடுதியை நடத்தி வந்தவர் அண்ணாசாகேப் லட்டே என்னும் கற்றறிந்த சமணப் பெரியார். 1908ஆம் ஆண்டு அந்நகரில் தீண்டாமைக்கு ஆளான மாணவருக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது. அவ்விழாவிற்குச் சென்று திரும்பிய பாவுராவை, நீராடிய பின்னரே உணவுக்கூடத்தில் நுழையவேண்டும் என்று பணித்தனர். நீராட மறுத்தார் அவர். அதன் விளைவாக விடுதியை விட்டே வெளியேற்றப்பட்டார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று உரைத்த அருகன் நெறியைப் பின்பற்றும் ஓர் இல்லத்தில் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. நெறி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்த காலம் அது. அந்த வேறுபாட்டைக் களைவதையே பாவுராவ் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டார்.

கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜர் அவருக்கு ஆதரவளித்தார். எனினும் படிப்பில், சிறப்பாகக் கணக்கில், பாவுராவ் தேறவில்லை. மன்னரே பரிந்துரைத்தும் கணக்காசிரியர் இசையவில்லை என்றும், அம்மாணவனைத் தேர்ச்சி பெறச் செய்வதைவிட அவன் அமர்ந்த பலகையைத் தேர்ச்சி பெறச் செய்யலாம் என்று கருதினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பள்ளியிறுதியையும் எட்டாத அம்மாணவர்தாம் பின்னாளில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை நிறுவினார்.

வாய்மைக்கு வந்த சோதனை

படிப்பை விட்ட பாவுராவ் சாத்தாரா நகருக்கு வந்து பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் கற்பித்துப் பொருளீட்டினார். பாட்டீல் மாஸ்டர் என்று ஊரார் அழைக்குமளவு பெயரும் பெற்றார். தூத்காவ் என்னும் ஊரில் அன்பர் சிலருடன் கூடி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கும் விடுதி ஒன்றை அமைக்கும் முயற்சியிலும் அப்போதே ஈடுபட்டார்.

அந்நாளில் பெருந்துன்பம் ஒன்று அவரைச் சூழ்ந்தது. 1914ஆம் ஆண்டளவில் கோலாப்பூரில் நிறுவப்பட்டிருந்த ஆங்கில அரசரின் சிலைக்கு யாரோ தார் பூசிவிட்டனர். ஐயம் அண்ணாசாகேப் லட்டேயின்மீது திருப்பப்பட்டது. லட்டேக்கு எதிராகச் சாட்சி சொல்லுமாறு பாவுராவை வற்புறுத்தினர். அவர் மறுத்தார். சிறையில் அடைத்தனர், துன்புறுத்தினர். பொய் சொல்வதினும் இறப்பதே மேல் என்று தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் அவர் முயன்றார். இறுதிவரை பொய்ச்சாட்சி அவர் வாயிலிருந்து வரவில்லை.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மை விடுதியிலிருந்து வெளியேற்றிய அதே மனிதரைக் காப்பதற்காகவே அவர் இத்தனையும் தாங்கினார். பழிவாங்க வாய்ப்பு வலிய வந்தபோது வாய்மையைத் தேர்ந்துகொண்டார். பின்னாளில் தாம் சாத்தாராவில் தொடங்கிய விடுதிக்கு, தம்மைச் சிறைப்படுத்திய அக்கோலாப்பூரின் மன்னர் சாகு மகாராஜரின் பெயரையே சூட்டினார். ஒடுக்கப்பட்டோர் கல்விக்கு அம்மன்னர் செய்த தொண்டு பெரிது. தமக்கு நேர்ந்த துன்பம் சிறிது என்று அவர் கணக்கிட்டார் போலும். பள்ளிக் கணக்கில் தேறாதவர் இக்கணக்கில் தவறவில்லை.

கலப்பை விற்றவர் கற்ற பாடம்

குடும்பத்தைக் காக்க பாவுராவ் விற்பனைத் தொழிலில் இறங்கினார். ஓகலே கண்ணாடித் தொழிற்சாலையின் பொருள்களை ஊர் ஊராகச் சென்று விற்றார். பின்னர் இலட்சுமணராவ் கிர்லோஸ்கரின் இரும்புக் கலப்பைகளை விற்கும் பொறுப்பை ஏற்றார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று உழவர் அஞ்சிய காலம் அது. சொல்லால் மட்டும் அவ்வச்சத்தைப் போக்க இயலாது. வயலில் இறங்கி உழுது காட்ட வேண்டும். அந்த உழவன் மொழியில் பேச வேண்டும். அடுத்த பருவத்தில் மீண்டும் வந்து விளைச்சலைப் பார்க்க வேண்டும். இவை யாவும் பாவுராவுக்குக் கைவந்தன. சாத்தாராவில் கூப்பர் நிறுவனத்தின் கலப்பைத் தொழிலிலும் அவர் பங்கேற்றார்.

வணிகராக ஊர்தோறும் சென்ற அவர் கண்ணில் பட்டது கலப்பைச் சந்தை மட்டுமன்று. வரி கட்டும் உழவனுக்கு இரசீதைப் படிக்கத் தெரியவில்லை. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு இட்டான். ஊரில் பள்ளி இல்லை. பள்ளி இருந்த ஊரிலும் தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. நகரத்துப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றாலோ, தங்க இடமும் உண்ண உணவும் கிடைப்பதில்லை. பள்ளிக்குத் தடையாய் நின்றது அறிவுக்குறை அன்று, உறைவிடக் குறையே என்று அவர் கண்டார். தேவை எங்கே மறைந்திருக்கிறது என்பதைக் கண்டறிவதே முனைவோனின் முதற்பண்பு. பாவுராவ் அதனைப் பாடநூலில் கற்கவில்லை. புழுதி படிந்த கால்களால் கற்றார்.

ரயத் சிக்ஷண் சன்ஸ்தா

ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டு தோற்றுவித்த சத்தியசோதக சமாஜத்தின் கருத்துகளில் பாவுராவுக்கு ஈடுபாடு மிகுதி. 1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், விசயதசமியன்று, கராடு நகரை அடுத்த காலே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் கல்விக் கழகத்தை அவர் நிறுவினார். ரயத் என்னும் சொல் நமக்கும் புதிதன்று; ரயத்துவாரி என்று நம் ஊர் நிலப் பதிவுகளில் வழங்கியது அதுவே. உழுகுடிகளின் கல்விக் கழகம் என்பது அதன் பொருள். ஆலமரத்தைச் சின்னமாகக் கொண்டார். விழுதுகள் மண்ணில் ஊன்றித் தாமே மரங்களாகி, தாய்மரத்தையும் தாங்குவது ஆல். கழகத்தின் வளர்ச்சியும் அவ்வாறே அமைந்தது.

1924ஆம் ஆண்டு கழகம் சாத்தாராவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே அமைந்த விடுதியில் மராட்டியர், சமணர், முகமதியர், மகர் முதலிய எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். ஒன்றாகச் சமைத்து ஒரே பந்தியில் உண்டனர். தண்ணீர் சுமப்பது, மாவு அரைப்பது, பாத்திரம் துலக்குவது என எல்லாப் பணியும் முறைவைத்துப் பிள்ளைகளே செய்தனர். எந்த வேலையும் எந்தச் சாதிக்கும் உரியதன்று என்பதைச் சொற்பொழிவின்றி அப்பிள்ளைகள் கற்றனர். 1927ஆம் ஆண்டு அங்கு வந்த காந்தியடிகள் இக்காட்சியைக் கண்டு வியந்தார். சத்ரபதி சாகு விடுதி என்னும் பெயரும் அப்போதே வழங்கலாயிற்று. பூனா உடன்படிக்கை ஏற்பட்ட 1932ஆம் ஆண்டில் பூனா நகரிலும் ஓர் ஒற்றுமை விடுதியைப் பாவுராவ் தொடங்கினார்.

இலட்சுமிபாயின் தாலி

இத்தொண்டின் பாரத்தைத் தோளில் ஏற்றவர் இருவர். பாவுராவ் நன்கொடை தேடி ஊர் ஊராகச் சுற்றியபோது, விடுதியில் இருந்து பிள்ளைகளைக் காத்தவர் அவர்தம் துணைவியார் இலட்சுமிபாய். செல்வக்குடியில் பிறந்து, ஆசாரம் மிக்க சூழலில் வளர்ந்த அவ்வம்மையார், எல்லாக் குலத்துப் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக ஏற்றார். தொடக்கத்தில் அது அவருக்கு எளிதாய் இருந்திருக்காது. ஆயினும் பசித்த வாயைக் கண்ட தாயுள்ளம் மற்றதை மறந்தது. பிறந்தகத்துச் சீராக வந்த நகைகள் ஒவ்வொன்றாக விடுதிச் செலவிற்குப் போயின. கணவர் ஊரில் இல்லாத ஒருநாள் அடுப்பிலேற்றத் தானியம் இல்லை. எஞ்சியிருந்தது மங்கலநாண் ஒன்றே. அதனையும் கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளின் பசியை ஆற்றினார். மணமான பெண்ணுக்கு மங்கலநாண் யாது என்பதை நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆகார தானமும் சாத்திர தானமும் அன்று ஒரே செயலில் நிறைவேறின.

1930ஆம் ஆண்டு இலட்சுமிபாய் மறைந்தார். கழகத்தின் வளர்ச்சியை அவர் காணவில்லை. அதன் கணக்கேட்டில் முதல் முதலீடாக எழுதத்தக்கது அந்த மங்கலநாணே.

உழைத்துக் கற்றல்

நன்கொடையை மட்டும் நம்பிய நிறுவனம் கொடையாளரின் மனநிலைக்கேற்ப வாழும், மாயும். இதனை உணர்ந்த பாவுராவ், மாணவர் தம் உழைப்பாலேயே தம் கல்விச் செலவை ஈட்டும் முறையை வகுத்தார். தரிசு நிலத்தைப் பெற்றுப் பிள்ளைகளும் ஆசிரியரும் சேர்ந்து திருத்தினர், பயிரிட்டனர், வகுப்பறைகளைத் தம் கையாலேயே எழுப்பினர். 1940ஆம் ஆண்டு சாத்தாராவில் தொடங்கப்பட்ட மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி, கட்டணமின்றி உழைத்துக் கற்கும் முறையில் நடந்தது. ஏழைப் பிள்ளைக்கு இலவசம் என்னும் சொல் தரும் கூச்சத்தை இம்முறை நீக்கியது. தான் உண்ணும் உணவைத் தானே ஈட்டியவன் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.

பள்ளிகள் பெருக வேண்டுமாயின் ஆசிரியர் பெருக வேண்டும். ஆகவே 1935ஆம் ஆண்டிலேயே சாத்தாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றை ஏற்படுத்தினார். சிற்றூர்ப் பிள்ளை, சிற்றூரிலேயே பயின்று, சிற்றூருக்கே ஆசிரியனாகத் திரும்பும் வழி இதனால் திறந்தது. 1937ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்தில் அமைந்த காங்கிரசு அரசு தன்னார்வப் பள்ளிகளுக்கு ஊக்கமளிக்க முன்வந்தபோது, பயிற்சி பெற்ற ஆசிரியர் அணி பாவுராவிடம் ஆயத்தமாக இருந்தது. ஊரார் ஒரு சாவடியையோ கோயில் மண்டபத்தையோ தந்தால் போதும். மறுநாள் ஆசிரியர் வந்துவிடுவார். இவ்வாறு எழுந்த தன்னார்வப் பள்ளிகள் ஐந்நூறைக் கடந்தன. வாய்ப்பு வரும்போது ஓடித்தேடாமல், வருமுன்னே ஆயத்தமாய் இருந்தமையே இவ்வளர்ச்சிக்குக் காரணம்.

1947ஆம் ஆண்டு சாத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரியையும், 1954ஆம் ஆண்டு கராடில் சத்குரு காட்கே மகராஜ் கல்லூரியையும் தொடங்கினார். பெரும்பொருள் தருவதாகவும், சிவாஜி கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றவேண்டும் என்றும் செல்வர் ஒருவர் கேட்டபோது, தம் தந்தையின் பெயரை மாற்றினாலும் மாற்றுவாரேயன்றிக் கல்லூரியின் பெயரை மாற்ற இசையேன் என்று அவர் மறுத்ததாகக் கூறுவர். பொருள் வேண்டும், ஆனால் எல்லாப் பொருளும் வேண்டா என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

கை நின்ற மானியம்

காந்தியடிகள் 1948ஆம் ஆண்டு மறைந்தபோது, அவர் நினைவாக நூற்றொரு உயர்நிலைப் பள்ளிகளை நிறுவுவதாகப் பாவுராவ் உறுதி பூண்டார். ஆனால் ஆட்சியாளரின் குறைகளைப் பொதுமேடையில் வெளிப்படையாகச் சுட்டும் இயல்பினர் அவர். அதனால் சினமுற்ற பம்பாய் அரசு, கழகத்திற்கு அளித்துவந்த மானியத்தை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் படிப்பும் ஆசிரியர் பலரின் பிழைப்பும் ஒருசேர இடருக்குள்ளாயின. கோலாப்பூர்ச் சிறையில் அவர் முன் நின்ற கேள்வியே மீண்டும் நின்றது: உண்மையென்று தாம் கருதியதை விழுங்கிக்கொள்வதா, துன்பத்தை ஏற்பதா? முன்பு துன்பம் அவருடையது மட்டும். இப்போதோ பிள்ளைகளுடையதும் ஆயிற்று.

அவர் மக்களிடமே திரும்பினார். ஊர்தோறும் பிடி தானியம் திரட்டப்பட்டது. ஆசிரியர் தம் ஊதியம் வராதபோதும் வகுப்பை விட்டு நீங்கவில்லை. துடைப்பத்தால் தெருவையும் பாடலால் உள்ளத்தையும் தூய்மை செய்து வந்த துறவி காட்கே மகராஜ், ஆட்சியாளரிடம் பாவுராவுக்காகப் பரிந்து பேசினார். மானியம் மீண்டும் வழங்கப்பட்டது. கராடு கல்லூரிக்கு அத்துறவியின் பெயர் அமைந்ததில் வியப்பில்லை. நெருக்கடியில் ஒரு நிறுவனத்தைத் தாங்குவது கையிருப்பு மட்டுமன்று. அதுவரை ஈட்டிய நம்பிக்கை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

நிறைவு

மக்கள் அவருக்குக் கர்மவீரர் என்னும் பட்டம் சூட்டினர். தமிழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற காமராசரும் ஏழைப் பிள்ளையின் பசியையும் படிப்பையும் ஒன்றாகவே நினைத்தவர் என்பது மகிழத்தக்க ஒற்றுமை. 1959ஆம் ஆண்டு இந்திய அரசு பாவுராவுக்குப் பத்மபூஷண் விருதளித்தது. பூனாப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. கணக்கில் தேறாத மாணவருக்குப் பல்கலைக்கழகம் செய்த சிறப்பு அது. அவ்வாண்டே மே 9ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் விடுதியில் வளர்ந்த பி. ஜி. பாட்டீல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகித் திரும்பி, கழகத்திற்கே தொண்டாற்றியதோடு, சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். விழுது மரமாயிற்று. 1988ஆம் ஆண்டு பாவுராவின் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. இன்று ரயத் கழகத்தின் கிளைகள் எழுநூறுக்கு மேல்.

பாவுராவின் வாழ்விலிருந்து ஓர் ஆசிரியர் கொள்ளத்தக்கவை அரியன அல்ல. பிள்ளை ஏன் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் குறிப்பதோடு நில்லாமல் வீடுவரை சென்று பார்ப்பது. ஊரில் உள்ள வெற்றிடம், வெறுங்கை, நல்ல மனம் ஆகிய மூன்றையும் இணைப்பது. பெற்ற ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டுவது. தமக்குப்பின் நடத்துவோரைத் தாமே உருவாக்குவது. வணிகன் இவற்றைச் செய்தால் இலாபம் அவனுக்கு. ஆசிரியர் செய்தால் இலாபம் ஊருக்கு.

போடிமெட்டுச் சரிவில் மாலை ஜீப்புக்காகக் காத்திருக்கும் தாயின் பிள்ளைக்கும், நம் ஊர்களில் கழனி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைக்கும் வேண்டுவது பெரும்பாலும் ஒன்றே: அந்திப்பொழுதில் அமர்ந்து படிக்க விளக்குள்ள ஓரிடம், ஒருவேளை உணவு, பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர். நம் அறநிலையங்களில் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. விழாக்காலத்தில் நாம் அளிக்கும் தானத்தில் ஒரு பகுதி, சாதியும் சமயமும் பாராது, ஒரு பிள்ளையின் படிப்பிற்குச் செல்லுமாயின், பள்ளி என்னும் சொல்லை நாட்டுக்குத் தந்தவர் வழிவந்தோம் என்று நாம் சொல்லிக்கொள்வதற்குப் பொருள் உண்டாகும்.

அறம் வளர்க! அறிவு பெருகுக!